ஐரோப்பா திடீரென்று மாறிவிட்டதா? சுவிஸ் வாக்குச்சீட்டுகள் சொல்வது

கேள்வி சுருக்கமாக இது: "ஐரோப்பியர்கள் ஒரு காலத்தில் குடியேறிகளைத் திறந்த மனதோடு வரவேற்றார்கள். இப்போது மட்டும் ஏன் இந்த எதிர்ப்பு? முஸ்லிம்கள் அதிகமாக வந்ததுதான் காரணமா? நம் தமிழர்களுக்கு அங்கே நல்ல பெயர்தானே?"

நான் 1986இல் சுவிட்சர்லாந்துக்கு அகதியாக வந்தவன். முதல் ஒன்பது வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். பிறகு மொழி படித்து, மருத்துவமனை, பள்ளிக்கூடம், குடிவரவு அலுவலகம் என்று நம்மவர்களுக்கு உரைபெயர்ப்பு செய்கிற வேலைக்கு வந்தேன். முழு ஐரோப்பாவுக்கும் சேர்த்து என்னால் பதில் சொல்ல முடியாது, சுவிஸைப் பற்றிச் சொல்லலாம். அதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. மற்ற நாடுகளில் மக்கள் மனதை அறியக் கருத்துக்கணிப்பைத்தான் பெரும்பாலும் நம்பவேண்டும். இங்கே 18 மாதத்துக்குள் ஒரு லட்சம் கையெழுத்துச் சேர்த்தால், அரசியலமைப்பை மாற்றச் சொல்லி நாடு தழுவிய வாக்கெடுப்புக் கேட்கலாம். வெளிநாட்டவர் விஷயத்தில் ஐம்பது வருடத்துக்கு மேலாகத் திரும்பத் திரும்ப அப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஊர் ஊராக எண்ணிய கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கைப் பார்த்தால், 'ஒரு காலத்தில் வரவேற்றார்கள்' என்பது முதலிலேயே அடிபட்டுப்போகும்.

இரண்டாம் உலகப் போரில் சுவிஸின் தொழிற்சாலைகள் அழியவில்லை. போர் முடிந்ததும் உற்பத்தி பெருகியது, ஆள் போதவில்லை. 1948இல் இத்தாலியோடு ஒப்பந்தம் போட்டு ஆட்களை எடுத்தார்கள். அணை, சுரங்கப்பாதை, நெடுஞ்சாலை என்று இன்று சுற்றுலாப் பயணிகள் வியந்து பார்க்கிற பல வேலைகளில் அவர்கள் கை இருக்கிறது. ஆனால் அவர்களில் பலருக்குக் கிடைத்தது பருவகால அனுமதி மட்டும். ஒன்பது மாதம் வேலை செய்யலாம், பிறகு ஊருக்குப் போய்விட்டுத்தான் திரும்பி வரவேண்டும், குடும்பத்தைக் கூட்டி வரக்கூடாது. தங்கியது பலகைக் கொட்டில்களில். கணவனும் மனைவியும் வேலைக்கு வந்த இடங்களில், பிள்ளையைக் களவாகக் கொண்டுவந்து அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். அந்தப் பிள்ளை பகல் முழுக்கச் சத்தம் போடக்கூடாது, ஜன்னல் பக்கம் வரக்கூடாது. 'அலுமாரிப் பிள்ளைகள்' என்று இன்று அவர்களைச் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அந்த அனுமதிமுறை முற்றாக ஒழிந்தது 2002இல்தான். நான் இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடம் கழித்து.

1965 ஓகஸ்ட் 30ஆம் தேதி வாலிஸ் மாநிலத்தின் மட்மார்க் அணை கட்டுகிற இடத்தில் பனிப்பாறை பிளந்து தொழிலாளர் கொட்டில்கள் மேல் விழுந்தது. 88 பேர் செத்துப்போனார்கள். அவர்களில் 56 பேர் இத்தாலியர். 

இதற்கு ஐந்து வருடம் கழித்து, 1970 ஜூன் 7ஆம் தேதி, ஜேம்ஸ் ஷ்வார்ட்ஸன்பாக் என்கிற சூரிச் அரசியல்வாதி கொண்டுவந்த முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. எந்த மாநிலத்திலும் வெளிநாட்டவர் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, ஜெனீவாவுக்கு மட்டும் 25 சதவீதம். நிறைவேறியிருந்தால் சுமார் மூன்று லட்சம் பேர் வெளியேறியிருக்கவேண்டும். அரசாங்கம், பெரிய கட்சிகள், தொழிற்சங்கத் தலைமை, முதலாளிகள் எல்லாருமே எதிர்த்தார்கள். அப்படியிருந்தும் 46 சதவீதம் பேர் 'ஆம்' என்று போட்டார்கள். வாக்களித்தது முழுக்க ஆண்கள், ஏனென்றால் பெண்களுக்கு நாடளாவிய வாக்குரிமை அடுத்த வருடம்தான் கிடைத்தது. ஏழு மாநிலங்களில் 'ஆம்' வென்றது. பேர்ணும் லுசேர்னும் அதில் அடக்கம். லுசேர்னை நினைவில் வையுங்கள், அங்கே திரும்ப வருவேன்.

அந்தப் பிரசாரத்தின் மையச் சொல் 'யூபர்ஃப்ரெம்டுங்'. அந்நியம் மிதமிஞ்சிப்போய் நம் வீடே நமக்கு அந்நியமாகிவிடுகிறது என்கிற பொருள். இன்று முஸ்லிம்களைப் பற்றிச் சொல்லப்படுவதில் பாதி அன்று இத்தாலியரைப் பற்றிச் சொல்லப்பட்டது. சத்தம் போடுகிறவர்கள், பெண்களை முறைக்கிறவர்கள், புகையிரத நிலையத்தில் கூட்டம் கூடுகிறவர்கள், எங்கள் வாழ்க்கைமுறையோடு ஒருநாளும் ஒட்டமாட்டார்கள். இவ்வளவுக்கும் அவர்கள் கிறிஸ்தவர்கள், பக்கத்து நாட்டுக்காரர்கள், அவர்களுடைய மொழி சுவிஸின் தேசிய மொழிகளில் ஒன்று. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'மதம் வேறு, கலாசாரம் தூரம், அதனால்தான் எதிர்ப்பு' என்கிற விளக்கம் 1970ஐ விளக்கவில்லை.

இனி எங்கள் கதை.

இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களில் பெரும்பாலானோர் இருபது வயது இளைஞர்கள். நான் வந்தபோது பத்திரிகைகளில் தமிழன் என்றால் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிலையத்தில் நிற்கிறவன், பொய் சொல்லி அகதிப் பணம் எடுக்கிறவன், போதைத் தூள் விற்கிறவன். 'தோல் ஜாக்கெட் தமிழர்' என்றே ஒரு பெயர் ஓடியது. அந்த ஜாக்கெட்டுகளில் பல, பழைய துணிக் கடைகளில் வாங்கியவை. குளிருக்கு எங்களிடம் வேறு என்ன இருந்தது? டிராமில் என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் மக்கள் நின்றுகொண்டு வருவார்கள். வீடு கேட்டுப் போனால் ஐந்து நிமிடத்துக்கு முன் கொடுத்துவிட்டோம் என்பார்கள். எனக்கு அப்போது 22 வயது. ஊரில் கிடைத்த அவமானம் போதாதென்று இங்கேயும் வாங்குகிறேனே என்று இரவில் அழுதிருக்கிறேன்.

நான் முதலில் வேலை செய்த சமையலறையில் தலைமைச் சமையல்காரர் கலாப்ரியாவிலிருந்து வந்த இத்தாலியர். ஒருநாள் ஒரு பரிமாறுகாரர் என்னைப் பார்த்து ஏதோ மோசமாகச் சொன்னார். எனக்கு முழுதாக விளங்கவில்லை, விளங்கியது போதுமாக இருந்தது. இத்தாலியர் அவரை அடக்கிவிட்டு, என்னிடம் உடைந்த ஜெர்மனில் சொன்னார்: "1970இல் இது எனக்குச் சொன்ன சொல். இப்போது உன்னுடைய முறை." ஆறுதலுக்குச் சொன்னாரா, எச்சரித்தாரா என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நிலைமை மாறியது. இதே பத்திரிகைகள் தமிழர்களை அமைதியானவர்கள், உழைப்பாளிகள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்கள் என்று எழுதத் தொடங்கின. உணவக முதலாளிகள் எங்களைத் திருப்பி அனுப்பவேண்டாம் என்றார்கள். நாங்கள் மாறிவிட்டோமா? கொஞ்சம் மாறினோம். குடும்பங்கள் வந்தன, மொழி வந்தது. அதைவிடப் பெரிய காரணம் வேறு. யூகோஸ்லாவியா உடைந்து, பொஸ்னியாவிலிருந்தும் கொசோவோவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கார் வேகமாக ஓட்டுகிறவர்கள், கத்தி வைத்திருக்கிறவர்கள், பெண்களை அடக்குகிறவர்கள் என்கிற பட்டியல் முழுவதும் அவர்கள் பெயருக்கு மாறியது. காப்புறுதி நிறுவனங்கள் அவர்களிடம் கார்க் காப்புறுதிக்குக் கூடுதல் பணம் வாங்கின. பெயர் 'இச்' என்று முடிந்தால் வேலை விண்ணப்பத்துக்குப் பதில் வராது என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

இந்த இடத்தில் லுசேர்னுக்கு வருகிறேன். அந்த மாநிலத்தில் எம்மன் என்று ஒரு தொழிற்சாலை ஊர். சுவிஸ் பிரஜாவுரிமைக்கு நாடு, மாநிலம், ஊராட்சி மூன்றும் சம்மதிக்கவேண்டும். எம்மனில் ஊராட்சியின் சம்மதத்தை வாக்குப்பெட்டி மூலம் தீர்மானித்தார்கள். விண்ணப்பித்தவர்களின் படம், வேலை, வருமானம், பொழுதுபோக்கு எல்லாம் அச்சிட்ட கையேடு வீட்டுக்கு வீடு போகும். ஒவ்வொரு பெயருக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை'. 2000 மார்ச்சில் 23 விண்ணப்பங்கள், மொத்தம் 56 பேர். தேறியவை நான்கு விண்ணப்பங்கள், எட்டுப் பேர். நான்குமே இத்தாலியர். யூகோஸ்லாவியப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர்கூடத் தேறவில்லை. முப்பது வருடத்துக்கு முன் 'இத்தாலியன் போகட்டும்' என்று பெரும்பான்மையாகப் போட்ட அதே மாநிலம்.

எனக்கு இதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதே சமயம், பொதுமனம் எப்படி நகர்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் சான்று வேறு எதையும் நான் பார்த்ததில்லை. ஒரு மனிதரின் சம்பளம், மொழி, நடத்தை எல்லாம் கையேட்டில் இருந்தும், மக்கள் பார்த்தது பிறந்த நாட்டை. பிறகு ஆய்வாளர்கள் இப்படி வாக்கெடுப்பு நடத்திய 44 ஊர்களின் பழைய முடிவுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோதும் அதுவே வந்தது: மொழியறிவும் படிப்பும் கொஞ்சம்தான் கணக்கில் வந்தன, பூர்வீக நாடு எல்லாவற்றையும் மிஞ்சியது. 2003இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் பெட்டி வாக்கு மூலம் பிரஜாவுரிமை கொடுப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. காரணம் சொல்லாமல் ஒருவரை நிராகரிக்க முடியாது என்பது அதன் சாரம். அதன்பின் முடிவு ஊர்ச் சபைகளின் கைக்குப் போன இடங்களில் பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் ஏறக்குறைய 60 சதவீதம் கூடினார்கள். ஊரும் அதே ஊர், விண்ணப்பிப்பவர்களும் அதே மாதிரி ஆட்கள். முகம் பார்த்து, காரணம் எழுதி, மேல்முறையீட்டுக்குப் பயந்து முடிவெடுக்கவேண்டி வந்ததும் முடிவு வேறாக வந்தது.

சரி, முஸ்லிம்கள் பற்றிய கேள்வி.

ஓல்ட்டன் என்கிற நகரத்தின் பக்கத்தில் வாங்கன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே துருக்கியர்களின் கலாசாரச் சங்கம் தன் கட்டடத்தின் கூரையில் ஆறு மீட்டர் மினாரா, அதாவது பள்ளிவாசல் கோபுரம், வைக்க அனுமதி கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சங்கம் வென்றது. அதிலிருந்து கிளம்பிய நெருப்பு நாடு தழுவிய வாக்கெடுப்பாகி, 2009 நவம்பர் 29ஆம் தேதி 57.5 சதவீதத்தோடு மினாராத் தடை அரசியலமைப்பில் ஏறியது. அப்போது நாடு முழுவதிலும் இருந்த மினாராக்கள் நான்கு. முன்பு எடுத்த கருத்துக்கணிப்பில் 37 சதவீதம் பேர்தான் ஆதரவு என்று சொல்லியிருந்தார்கள். இருபது சதவீத வித்தியாசம்! கணிப்பாளரிடம் சொல்லக் கூச்சப்பட்டதை மக்கள் உறைக்குள் போட்டார்கள். அந்த வருடம் லிபியாவில் கடாஃபி அரசு இரண்டு சுவிஸ் வியாபாரிகளைப் பிடித்து வைத்திருந்த கோபமும் சேர்ந்தது என்று நினைக்கிறேன். இங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பால்கன் நாடுகளிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்தவர்கள், கடாஃபிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

இதில் தமிழர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. அதே ஓல்ட்டனின் மறுபக்கத்தில் திரிம்பாக் என்கிற ஊர். அங்கே மனோன்மணி அம்பாளுக்கு நம்மவர்கள் கட்டிய கோயில் 2013இல் திறக்கப்பட்டது. வண்ணக் கோபுரத்தோடு எழுந்து நிற்கிறது. தேர் இழுக்கும்போது ஊரார் வந்து பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். சில கிலோமீட்டர் தூரத்தில் கூரைமேல் ஆறு மீட்டர் மினாரா நாட்டையே உலுக்கியது, கோபுரம் யாரையும் உலுக்கவில்லை. கட்டட உயரத்தைப் பற்றியோ, ஊரின் தோற்றம் கெடுவதைப் பற்றியோ மக்கள் கவலைப்பட்டிருந்தால் இரண்டுக்கும் ஒரே கவலைதான் வந்திருக்கவேண்டும். 2021இல் முகத்தை மூடத் தடை 51.2 சதவீதத்தில் நிறைவேறியபோது, லுசேர்ன் பல்கலைக்கழக ஆய்வின்படி நாட்டில் முகத்திரை அணிந்த பெண்கள் சுமார் 30 பேர். எண்ணிக்கை அதிகமானதால் எதிர்ப்பு வந்தது என்று இதையும் சொல்ல முடியாது.

எங்கே யார் எப்படி வாக்களித்தார்கள் என்று பார்த்தால் இன்னும் தெளியும். மினாராத் தடையை ஜெனீவாவும் பாசல் நகரமும் நிராகரித்தன. வெளிநாட்டவர் நெருக்கமாக வாழ்கிற இடங்கள் அவை. 'பெருந்திரள் குடியேற்றத்துக்கு எதிராக' என்று 2014 பெப்ரவரி 9ஆம் தேதி வந்த வாக்கெடுப்பு 50.3 சதவீதத்தில், இருபதாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றது. சூரிச், ஜெனீவா, பாசல் எல்லாம் எதிர்த்தன. வெளிநாட்டவரை அதிகம் காணாத மலைக் கிராமங்கள் ஆதரித்தன. தினமும் படிக்கட்டில் பார்க்கிறவரைப் பற்றிப் பயம் குறைகிறது. தொலைக்காட்சியில் மட்டும் பார்க்கிறவரைப் பற்றி அது வளர்கிறது.

ஆனால் இந்த விளக்கத்தையும் முழுதாக நம்பிவிடக்கூடாது. திச்சினோ மாநிலம் அதை உடைக்கிறது. இத்தாலிய மொழி பேசுகிற மாநிலம், 1970இல் ஷ்வார்ட்ஸன்பாக்கை நிராகரித்த மாநிலம், 2014இல் 68 சதவீதம் 'ஆம்' போட்டு நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது. அங்கே அப்போது எல்லை தாண்டி இத்தாலியிலிருந்து தினமும் சுமார் 60,000 பேர் வேலைக்கு வந்துபோனார்கள். மிலானோ பக்கத்தில் வாழ்கிறவருக்குக் கட்டுப்படியாகும் சம்பளம் லுகானோவில் வாடகை கொடுக்கிறவருக்குக் காணாது. காலையும் மாலையும் வீதி அடைத்துக்கொள்கிறது. அந்த மக்களை இனவாதி என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. சமவெளி நகரங்களிலும் வாடகை ஏறியது, தொடருந்தில் நிற்க இடமில்லை என்கிற முறைப்பாடு உண்மையானது. 'நெரிசல் அழுத்தம்' என்று அதற்கு ஒரு சொல்லே அந்த வருடங்களில் பிறந்தது. இடதுசாரிகள் பலர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரித்தது பெரும் பிழை என்பது என் அபிப்பிராயம். வாடகைக்கு வழி சொல்லாமல் விட்ட இடத்தில், வெளிநாட்டவரைக் குறைத்தால் வாடகை குறையும் என்று வேறொருவர் வந்து சொல்வார்.

ஐரோப்பா முழுவதற்கும் பொருந்துகிற ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'குடியேற்றத்தை ஏற்கிறீர்களா' என்பது ஒரு கேள்வி. 'நாட்டின் முக்கியப் பிரச்சினை எது' என்பது வேறு கேள்வி. 2002 முதல் பல நாடுகளில் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிற ஐரோப்பியச் சமூக ஆய்வில், மேற்கு ஐரோப்பாவில் முதல் கேள்விக்கான பதில் 2010களின் கடைசி வரை அவ்வளவாக ஆடவில்லை, சில நாடுகளில் கொஞ்சம் கனிந்தும் இருந்தது. ஆடியது, வேறு கணிப்புகளில் கேட்கப்படுகிற இரண்டாவது கேள்விக்கான பதில். 2015 இலையுதிர் காலத்தில், சிரிய அகதிகள் வந்துகொண்டிருந்தபோது, ஐரோப்பிய ஒன்றியம் எதிர்கொள்ளும் இரண்டு பெரிய பிரச்சினைகளில் ஒன்று குடியேற்றம் என்று 58 சதவீதம் பேர் சொன்னார்கள். சில வருடத்தில் அந்த எண் பாதிக்கும் கீழே இறங்கியது. சுவிஸிலும் 2014இல் வென்ற தரப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தோடு உள்ள தடையற்ற நடமாட்டத்தை நிறுத்தச் சொல்லி 2020இல் திரும்ப வந்தபோது 61.7 சதவீதம் பேர் 'இல்லை' என்றார்கள். ஆறு வருடத்தில் மக்கள் மனம் திருந்திவிடவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனையை யார் நடத்துகிறார்கள் என்று கண்ணால் பார்த்திருந்தார்கள், அகதிப் படகுகள் தலைப்புச் செய்தியில் இல்லை. நாளை இருக்கலாம். ஆகவே, 'ஐரோப்பா வலதுபக்கம் திரும்பிவிட்டது' என்று செய்தி வரும்போது, எத்தனை பேர் கருத்தை மாற்றினார்கள், எத்தனை பேருக்கு ஏற்கெனவே இருந்த கருத்து அன்று அவசரமாகிவிட்டது என்று பிரித்துக் கேளுங்கள்.

2017இல் ஒரு வாக்கெடுப்பு. தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பிரஜாவுரிமையை எளிதாக்குவது. தகுதி பெற இருந்தவர்கள் சுமார் 25,000 பேர், அவர்களில் பாதிக்கு மேல் இத்தாலிய வம்சாவளி. எதிர்த்தவர்கள் ஊரெல்லாம் ஒட்டிய சுவரொட்டியில் இருந்தது கறுப்பு முகத்திரை போட்ட பெண். பயமுறுத்த வேறு முகம் தேவைப்பட்டது, இத்தாலியரைக் காட்டினால் இனி யாரும் பயப்படப்போவதில்லை. 60.4 சதவீதத்தில் சட்டம் நிறைவேறியது.

கடைசியாக, தமிழருக்கு நல்ல பெயர்தானே என்கிற கேள்வி. ஆம், இன்று நல்ல பெயர். இங்கே சுமார் 50,000 பேர் இருக்கிறோம், பாதிக்கு மேல் சுவிஸ் பிரஜைகள், வாக்குரிமை உள்ளவர்கள். அதனால்தான் நம்மவர் வீடுகளில் கேட்கிற பேச்சு என்னைக் கவலைப்படுத்துகிறது. "நாங்கள் உழைத்து முன்னேறினோம், இவர்கள் அப்படியில்லை" என்று எரித்திரியர்களையும் ஆப்கானியர்களையும் பற்றிச் சொல்கிறோம். என் மூத்த பிள்ளைகளின் வயதில் உள்ளவர்கள்கூடச் சொல்கிறார்கள். நல்ல பெயர் எங்கள் உழைப்புக்குக் கிடைத்த சான்றிதழ் என்று நம்பினால் அப்படிச் சொல்லத்தான் தோன்றும். நான் மேலே சொன்ன வருடங்களை வரிசையாகப் பார்த்தால், எங்களுக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றதில்தான் அதில் பெரும்பங்கு வந்தது என்று தெரியும்.

போன கோடையில் கோயில் திருவிழா முடிந்து பேர்ண் நிலையத்தில் ஒரு பழைய நண்பரோடு நின்றேன். அவர் 1985இல் வந்தவர். எதிரே எரித்திரியப் பெடியள் ஏழெட்டுப் பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "வேலை வெட்டி இல்லாமல் இங்கே என்ன கூட்டம்?" என்றார். நாங்கள் இருவரும் முதன்முதலில் சந்தித்தது எங்கே என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். இதே நிலையம், அந்தப் பக்கத்துப் படிக்கட்டு. அகதி விடுதியில் ஆறு பேருக்கு ஒரு அறை, வேலை செய்ய அனுமதி வரவில்லை, தமிழில் பேச வேறு இடம் இல்லை.

"குளிர் வேற," என்றார் அவர். பிறகு தொடருந்து வரும்வரை அந்தப் பெடியளையே பார்த்துக்கொண்டிருந்தார்.